ஊருக்கே ஒரு குளியலறை!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

வாரம் முழுவதும் உழைத்த உடம்பு வலிக்கிறது. "எங்காவது போய் வரலாம் அப்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எங்கே போவது? கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். நாளைக் காலையில் வேலைக்கும் போக வேண்டும்.

தேனிக்காரர்களும் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களும் இதற்குத் திகைக்க வேண்டியது இல்லை. பதில் பக்கத்திலேயே இருக்கிறது.

"கிளம்புங்கள், சுருளிக்குப் போவோம்!"

சுருளிக்கு எப்படிப் போவது என்பது எல்லோருக்கும் தெரியும். போன இடத்தை எப்படி விட்டுவிட்டு வருவது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தைச் சொல்லித் தர, கடல் கடந்த ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் ஜப்பானில் உள்ளது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், நம் அருவியை ஒரு முறை பார்த்து வருவோம்.

மலையில் இருந்து வரும் விருந்து

தேனியில் இருந்து சுருளி ஏறத்தாழ 50 கிலோ மீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் ஓடும். கம்பத்தில் இறங்கினால் அங்கிருந்து 10 கிலோ மீட்டர்தான்.

சன்னலோரம் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி! ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னை, இரண்டு பக்கமும் மலை. சுருளிப்பட்டியை நெருங்கும்போது பந்தல் பந்தலாகத் திராட்சைத் தோட்டங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, "இந்தப் பழம் இந்த மண்ணுக்கே உரியது" என்று அரசாங்கமே முத்திரை போட்டுவிட்டது.

அருவியின் நுழைவாயிலில் இறங்கிச் சிறிது தூரம் மரநிழலில் நடக்க வேண்டும். தண்ணீரின் இரைச்சல் முதலில் காதுக்கு வரும். பிறகு சாரல் முகத்துக்கு வரும். அதன் பிறகுதான் அருவி கண்ணுக்கு வரும்.

தலையைக் கொடுத்து நின்றால் போதும். தோளிலும் முதுகிலும் தண்ணீர் தட்டித் தட்டி விழும். எந்த வைத்தியரும் இப்படிப் பிடித்துவிட முடியாது! ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்த முதுகும், திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்ற கழுத்தும் அங்கே இளைப்பாறுகின்றன.

வாரத்துக்கு ஒரு குளியலை நம் பெரியவர்கள் விரதம் போலவே வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர், பிறகு மிளகு ரசம், ஒரு தூக்கம். அன்று உடம்புக்கு விடுமுறை. குளியல் என்றால் அழுக்குப் போக்குவது மட்டுமா? அது களைப்பையும் போக்குகிறது. இதை நாம் அறிந்தது போலவே அறிந்தவர்கள் ஜப்பானியர்கள்.

அங்கே தண்ணீர் சுடுகிறது

ஜப்பான் எரிமலைகளின் நாடு. மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்குகிறது. அடியில் உள்ள வெப்பத்தில் காய்கிறது. பிறகு வெந்நீர் ஊற்றாக மேலே வருகிறது. அப்படி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி எழுந்த ஊர்கள் அந்த நாட்டில் 3,000-க்கு அருகில் இருக்கின்றன! பெப்பு என்ற ஊரில் பூமியில் இருந்து வரும் ஆவியிலேயே முட்டையும் காய்கறியும் வேகவைத்துத் தின்கிறார்கள்.

எது வெந்நீர் ஊற்று என்பதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. 1948-ல் வந்த சட்டம் அது. பூமியில் இருந்து வரும்போது 25 டிகிரி சூடு இருக்க வேண்டும். அல்லது, பட்டியலில் உள்ள தாதுக்களில் ஒன்றாவது போதிய அளவில் இருக்க வேண்டும். 25 டிகிரி என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். சித்திரை மாதத்தில் நம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே அதைவிட அதிகம் சுடும்!

ஆனால் அந்தச் சட்டத்தில் உள்ள இன்னொரு விஷயம் சிரிக்கத்தக்கது அல்ல. சொந்த நிலமாக இருந்தாலும், அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் வெந்நீருக்காகத் துளை போடக் கூடாது. ஒருவர் அதிகமாக இறைத்தால் ஊர் முழுவதற்கும் ஊற்று வற்றிவிடும் அல்லவா?

தமிழர்களுக்கும் வெந்நீர் ஊற்று புதிது அல்ல. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. இறந்தவர்களுக்கான சடங்குகளை அங்கே செய்வது ஈழத் தமிழர்களின் வழக்கம்.

ஊரே ஒரு வீடு

இனி, நாம் சொல்ல வந்த ஊருக்கு வருவோம்.

அதன் பெயர் கினோசாகி. ஜப்பானின் மேற்குப் பகுதியில், கடலோரத்தை ஒட்டிய சின்ன ஊர். நடுவில் ஒரு சிற்றாறு. இரண்டு கரையிலும் வில்லோ மரங்கள் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கின்றன. ஊருக்குள் ஏழு பொதுக் குளியல் கூடங்கள். சனி, ஞாயிறு வந்தால் நகரத்தில் உள்ள குடும்பங்கள் ரயில் ஏறி அங்கே வந்துவிடும்.

வந்தவர்கள் விடுதியில் பெட்டியை வைக்கிறார்கள். பருத்தி அங்கி ஒன்றை உடுத்துகிறார்கள். மரச் செருப்பை மாட்டிக் கொண்டு, "டக், டக்" என்று தெருவில் நடக்கிறார்கள். ஒரு கூடத்தில் குளிக்கிறார்கள்; வெளியே வந்து காற்று வாங்குகிறார்கள்; அடுத்த கூடத்துக்குப் போகிறார்கள். தாத்தாவும் போகிறார். பேரனும் போகிறான். பணக்காரரும் அதே அங்கி. குமாஸ்தாவும் அதே அங்கி. யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது!

அந்த ஊர்க்காரர்களிடம் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. ஊர் முழுவதும் ஒரே வீடு என்பதுதான் அது. ரயில் நிலையம் அந்த வீட்டின் வாசல். தெருக்கள் நடை. விடுதிகள் அறைகள். பொதுக் கூடங்கள் அந்த வீட்டின் குளியலறை.

சொந்த வீட்டுக் குளியலறையில் யாராவது குப்பை போடுவார்களா?

23 ஆண்டு வழக்கு

இந்த எண்ணம் சும்மா வந்துவிடவில்லை. அதற்காக அந்த ஊர் சண்டையே போட்டது.

1925-ல் ஒரு பெரிய நில நடுக்கம். தொடர்ந்து தீப் பிடித்து, கினோசாகி எரிந்து போயிற்று. ஊரைத் திரும்பக் கட்டிக் கொண்டிருந்த காலம். 1927-ல் ஒரு விடுதிக்காரர், தம் விடுதிக்குள்ளேயே தமக்கென்று வெந்நீர்க் குளியலறை அமைத்தார். "என் இடம், என் தண்ணீர்" என்பது அவர் கட்சி.

ஊர் கொதித்தது. "வெந்நீர் ஊரின் பொதுச் சொத்து. ஆளுக்கு ஆள் தனித் தனியாக எடுத்தால் பொதுக் கூடத்துக்கு யார் வருவார்கள்? தெருக் கடைக்காரன் எப்படிப் பிழைப்பான்? ஊற்று வற்றினால் யார் பொறுப்பு?" என்று கேட்டது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. உலகப் போரே வந்து முடிந்தது, வழக்கு முடியவில்லை! கடைசியில் 1950-ல் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். வெந்நீர் ஊரின் பொது நிர்வாகத்தில் இருக்க வேண்டும். விடுதிகள் உள்ளே குளியலறை வைத்துக் கொள்ளலாம். ஆனால் அது சிறிதாகத்தான் இருக்க வேண்டும். இதுதான் முடிவு.

இன்றும் அங்கே தங்குகிறவர்கள் பொதுக் கூடங்களைத் தேடித்தான் தெருவில் நடக்கிறார்கள். விட்டுக் கொடுத்ததால் விடுதிக்காரர்களும் கெட்டுப் போகவில்லை. ஊரும் கெட்டுப் போகவில்லை.

இன்னொன்று. ஜப்பானில் வெந்நீர் ஊற்று ஊர்களில் குளிக்க வருகிறவர்களிடம் ஒரு வரி வாங்குகிறார்கள். பொதுவாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். நம் பணத்தில் 100 ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பணம் ஊற்றைப் பாதுகாக்கவும், சுகாதாரத்துக்கும், தீயணைப்பு வசதிக்கும், பயணிகளின் வசதிக்கும் செலவாகிறது. குளித்தவன் கொடுத்த காசு, அடுத்து வந்து குளிக்கிறவனுக்கு உதவுகிறது.

முதலில் குளி, பிறகு இறங்கு!

அங்கே குளிப்பதற்கு ஒரு முறை உண்டு. நமக்கு வேடிக்கையாக இருக்கும். குளிப்பதற்கு முன் குளிக்க வேண்டும்!

ஆம். வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன முக்காலியும் வாளியும் இருக்கும். அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டு, உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுரை ஒரு துளி கூட இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டிக்குள் சோப்புக் கூடாது. துண்டைக் கூடத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக் கொள்கிறார்கள்!

இதை ஐந்து வயதுக் குழந்தைக்கு அதன் பாட்டி சொல்லிக் கொடுக்கிறாள். காரணம் எளிது. நமக்குப் பிறகு அதே தண்ணீரில் இன்னொருவர் இறங்குவார்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்?

இனி நம் அருவிக்கரைகளுக்குத் திரும்புவோம். எந்த அருவி என்று பெயர் சொல்ல வேண்டியது இல்லை. எல்லா இடத்திலும் அதே காட்சிதான்.

பாறை இடுக்கில் ஷாம்புப் பொட்டலம். தண்ணீரில் மிதக்கும் பாலித்தீன் பை. பாதி தின்ற சோற்றுப் பொட்டலம். இவற்றைக் கூடப் பொறுக்கலாம். பாட்டில் துண்டை எப்படிப் பொறுப்பது?

சென்ற ஆண்டு ஓர் ஓடைக்கரையில் நாம் கண்ட காட்சி இது. ஆறு வயது இருக்கும். துள்ளிக் குதித்துத் தண்ணீரில் இறங்கிய சிறுமி, மறுகணம் அலறினாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. தெளிந்த தண்ணீர் சிவந்தது. அவள் தகப்பனார் தூக்கிக் கொண்டு ஓடினார். அந்தக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்தது. முந்தின நாள் யாரோ உல்லாசமாக உடைத்த பாட்டில் அது!

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் சாதாரண விஷயம் அல்ல. பாறையில் படிந்த எண்ணெய், அடுத்தவர் காலை வழுக்கிவிடும். சோப்பு நுரை மீன்களுக்கும் நீர்ப் பூச்சிகளுக்கும் கேடு. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்க்கக் கூடாது என்று 2014-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை விதித்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தேதியில் இருந்து தடை செய்தது. ஆனால் பாறைக்குப் பாறை போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? நாமே நமக்குப் போலீஸ்காரராக இருக்க வேண்டும்.

காட்டில் வேறு வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். மேகமலைக் காடு, 2021-ல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்த மலையின் அடிவாரம்தான் சுருளி. யானைகள் வந்தால் அருவிக்குப் போக வனத்துறையினர் தடை போடுகிறார்கள். வெள்ளம் வந்தாலும் அப்படியே. அப்போது காவலரிடம் சண்டை போடாதீர்கள். யானை தன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க வந்திருக்கிறது, நாம்தான் விருந்தாளிகள். விருந்தாளி விட்டுச் சென்ற பிளாஸ்டிக் பையை, சோற்று வாசனைக்காக மானும் குரங்கும் தின்றால் என்ன ஆகும்?

தண்ணீர் எங்கே போகிறது?

"ஓடுகிற தண்ணீர்தானே? அடித்துக் கொண்டு போய்விடும்" என்கிறார்கள் சிலர்.

எங்கே அடித்துக் கொண்டு போகும்? அதையும் பார்ப்போம்.

மேகமலையில் பெய்த மழை சுருளியில் விழுகிறது. கீழே இறங்கி, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரோடு சேருகிறது. பென்னிகுவிக் என்ற பொறியாளர் கட்டி, 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் அது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்தப் பாசனத்தில்தான். பிறகு அது வைகையில் கலந்து, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது. அங்கிருந்து மதுரை மக்களுக்குக் குடிநீராகவும் போகிறது.

நாம் அருவியில் விட்ட அழுக்கு எங்கேயும் தொலைந்து போவது இல்லை. அது வயலுக்குப் போகிறது, குடத்துக்குப் போகிறது. ஜப்பானியத் தொட்டியில் நமக்குப் பின்னால் ஒருவர் இறங்குகிறார். நம் அருவியிலோ, நமக்குக் கீழே ஒரு ஜில்லாவே குடிக்கிறது!

முன்னோர்கள் கேட்பது என்ன?

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் சுருளியில் கூட்டம் அலைமோதும். மறைந்த தாய் தந்தையரை நினைத்து, நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். கண் கலங்குகிறார்கள். இது மனதுக்கு இதம் தரும் வழக்கம். கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் தமிழர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால், உடுத்தியிருந்த துணியை அவிழ்த்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கமும் நம் நீர்த்துறைகளில் இருக்கிறது. அந்தத் துணி பாறையில் சிக்கி அழுகுகிறது. குளிக்கிறவர் காலைச் சுற்றுகிறது.

அப்பாவும் அம்மாவும் கேட்பது எள்ளும் தண்ணீரும்தான். பழைய துணியை அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் குடித்து வளர்ந்த ஆற்றைக் கெடுத்துவிட்டு, அவர்களுக்கு எப்படிப் புண்ணியம் தேடுவது? நனைந்த துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். துவைத்து, இல்லாதவருக்குக் கொடுங்கள். அதுவும் தருமம்தானே!

அம்மாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை.

அருவிக்குப் போவது எல்லோருக்கும் ஓய்வு. வீட்டு அம்மாவுக்கு? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரை கிளற வேண்டும். தயிர் சோறு கட்ட வேண்டும். பிள்ளைகளின் துணியை எடுத்து வைக்க வேண்டும். அருவிக்கரையில் செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்க வேண்டும். எல்லோரும் குளித்து முடித்த பிறகு, "நேரமாச்சு, பஸ் போய்விடும்" என்று அவளை அவசரப்படுத்துவார்கள். பாதி நனைந்த தலையோடு அவள் பஸ் ஏறுவாள். மறுநாள் அத்தனை பேரின் ஈரத் துணியையும் துவைப்பவளும் அவளே!

இது என்ன நியாயம்?

முதல் நாள் இரவே காய் நறுக்குவதில் ஆண்களும் கை கொடுக்கட்டும். பெரிய பையன் மூட்டைக்குக் காவல் இருக்கட்டும். முதலில் அம்மாவைக் குளிக்க அனுப்புங்கள். பாட்டியைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். அவர்கள் நிதானமாகக் குளிக்கட்டும். பெண்கள் குளிக்கும் பக்கம் செல்போனை நீட்டுகிறவன் யாராக இருந்தாலும், அங்கேயே தட்டிக் கேளுங்கள்.

பெண்கள் அச்சம் இல்லாமல் தலை நனைக்க முடிகிற அருவிதான் நல்ல அருவி.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். பத்து லட்சம் ரூபாயும் வேண்டாம். கீழே சொல்வதைச் செய்தால் போதும்.

வீட்டில் இருந்து புறப்படும்போதே எண்ணெய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். கினோசாகிக்காரர்களைப் போல, முதலில் வீட்டில் குளியல். பிறகு அருவியில் குளியல்.

சோற்றை வாழை இலையிலோ தூக்குச் சட்டியிலோ கொண்டு போங்கள். குடிக்கச் செம்பில் தண்ணீர் போதும்.

ஒரு காலிப் பையை மறவாமல் எடுத்துப் போங்கள். உங்கள் குப்பை அதில் திரும்பி வரட்டும். உட்கார்ந்த இடத்தில் அடுத்தவர் விட்ட குப்பை இரண்டு கிடந்தால், அதையும் போட்டுக் கொள்ளுங்கள். கை தேய்ந்துவிடாது!

தண்ணீரில் வேகம் அதிகம் என்று காவலர் சொன்னால், கரையிலேயே உட்கார்ந்து சாரல் வாங்கிவிட்டு வாருங்கள். பெரியகுளத்துக்கு அருகில் உள்ள கும்பக்கரை அருவிக்குப் போனாலும் இதே விதிதான். பாறை வழுக்கும், ஆழம் தெரியாது. உயிர் இருந்தால் அடுத்த ஞாயிறும் வரும்.

நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களில், அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதி ஒரு பலகை வைத்தால் நல்லது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கு இவ்வளவு செலவு என்று கண்ணால் பார்த்தால், கொடுக்கிறவனும் முகம் சுளிக்காமல் கொடுப்பான். கேட்கிற உரிமையும் நமக்கு வரும்.

ஜப்பானில் மழை பூமிக்குள் இறங்கி, சூடாக மேலே வருகிறது. நம் ஊரில் மழை மலைமேல் இறங்கி, குளிர்ந்து கீழே வருகிறது. இரண்டும் வானம் கொடுத்த தண்ணீர்தான். அவர்கள் அதைத் தங்கள் வீட்டுக் குளியலறையாக வைத்திருக்கிறார்கள்.

சுருளியும் நம் வீட்டுக் குளியலறைதான். தேனி வீட்டுக்காரரும், கம்பத்துக்காரரும், மதுரைக்காரரும் சேர்ந்து வாழும் பெரிய வீடு இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஆசை தீரக் குளியுங்கள்.

வரும்போது ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் போனபோது இருந்ததைவிட அந்த இடம் சுத்தமாக இருந்தால், அன்றைக்குக் குளித்தது உங்கள் உடம்பு மட்டும் அல்ல, மனமும் குளித்திருக்கிறது!